தேவதாருக் கட்டை

என்னை அதிகப்பிரசங்கி என்று என் மனைவி தெரேசா இருபத்தைந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். யாராவது ஒரு வேலையை அரைகுறையாக விட்டிருந்தால் எனக்குக் கை அரிக்கும். கப்பல் ஏஜெண்டு ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த காலத்தில் பக்கத்து மேசைக்காரன் நிரப்பாமல் விட்ட கட்டங்களையும் நானே நிரப்பிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவேன். அதற்காக இரண்டு தடவை பாராட்டும் ஒரு தடவை மெமோவும் வாங்கியிருக்கிறேன். அந்தப் புத்தியால்தான் என் மகனுக்குக் கேடு வந்தது என்று சொன்னால் அது பாதி உண்மை. மீதிப் பாதி அதைவிடக் கேவலமானது, அதையும் சொல்லத்தான் போகிறேன்.

என் பெயர் சகாயராஜ். பர்மாவில், பசுந்தாங்கு பேட்டையில் நாலாவது மாடியில் வீடு. மாதா கோவில் பேண்டில் முப்பத்தோரு வருஷம் கிளாரினெட் வாசித்தவன். திருவிழா, கல்யாணம், சாவு எதுவானாலும் தங்கப் பொத்தான் வைத்த கோட்டு மாட்டிக்கொண்டு முன்வரிசையில் நடப்பேன். அந்த முன்வரிசைக்கு வுட்விண்டு என்று பெயர். மரக்குழல்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு நியாயமும் கிடையாது. சாக்சபோன் முழுக்கப் பித்தளை, அதற்கு அங்கே இடம் உண்டு. ஃப்ளூட்டு இப்போதெல்லாம் வெள்ளி மாதிரி மின்னுகிற உலோகம், அதற்கும் உண்டு. அசல் மரத்தில் கடைந்து, நேராகப் பிடித்து ஊதுகிற ரெக்கார்டர் குழலுக்கு மட்டும் கிடையாது. அது ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற பிளாஸ்டிக் ஊதல் என்பது பேண்டுக்காரர்களின் முடிவு. நியாயம் கிடையாது என்று இப்போது சொல்கிறேன். அப்போது அந்த வரிசைக்குக் காவல்காரனே நான்தான்.

எங்களுக்கு ஒரே பிள்ளை, செபாஸ்டியன். பத்து வயதில் அவன் கையில் என் கிளாரினெட்டைக் கொடுத்தேன். கொடுத்ததோடு விட்டேனா, பக்கத்தில் நின்று கத்தினேன். உதட்டை மடி, பல்லை அழுத்து, காற்றை விடு என்று கத்திக் கத்தி, ஒரு மாதத்தில் அவன் கீழுதடு புண்ணாகிவிட்டது. அதற்குப் பிறகு அவன் அதைத் தொடவில்லை. ஞாயிறு பள்ளியில் கொடுத்த பிளாஸ்டிக் ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டான். எனக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. பேண்டில் யாராவது உன் பையன் என்ன வாசிக்கிறான் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன்.

இணையத்தில் பார்த்தும் கேட்டும் தானாகவே கற்றுக்கொண்டான். பதினெட்டு வயதில், ஊரைக் காலிசெய்துகொண்டு போன ஒரு ஜெர்மன் குடும்பத்திடமிருந்து மரத்தில் செய்த ஆல்ட்டோ என்கிற பெரிய அளவு ரெக்கார்டர் ஒன்றை வாங்கிவந்தான். முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் நீளம், பேரிக்காய் மரம், நல்ல தேன் நிறம். வாசிப்பதற்கு முன்னால் அதன் தலைப்பகுதியைக் கழற்றிக் கால்மணி நேரம் அக்குளில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். குளிர்ந்த குழலில் மூச்சின் ஈரம் தங்கிவிடுமாம். என்னடா, கோழி மாதிரி அடைகாக்கிறாய், குஞ்சு பொரித்ததும் சொல் என்பேன். அவன் சிரித்துக்கொண்டே இருப்பான்.

ஒருநாள் சற்று அதிகமாகவே கேலி செய்துவிட்டேன். சீவாளி இல்லை, உதட்டு வேலை இல்லை, ஊதினால் சத்தம் வரும், இதை வாசிக்க மனுஷன் எதற்கு, காற்றாடியே போதுமே என்றேன். அன்றுதான் அவன் வாயைத் திறந்தான். ஊதும் முனையை என் முகத்துக்கு நேரே பிடித்து, அதிலிருந்த ஒடுக்கமான பிளவைக் காட்டினான். பிளவுக்கு அடியில் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு மரக்கட்டை சொருகியிருந்தது. மற்ற இடமெல்லாம் மெருகு போட்டிருக்க, அது மட்டும் வெளிறிப்போய், காய்ந்து கிடந்தது. தேவதாருக் கட்டை என்றான்.

"உங்க கிளாரினெட்ல தப்பு வந்தா உதட்டால சரி பண்ணிக்கலாம் அப்பா. ஃப்ளூட்லயும் அப்படித்தான். இதுக்கு உதடு உள்ளேயே இருக்கு. நாம எதையும் சரி பண்ண முடியாது. அந்தக் கட்டையை நம்பி மூச்சை விடணும், அவ்வளவுதான்."

மறுநாள் காலையில் அவன் வாசிக்கும்போது முதல் தடவையாக அறைக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். என் பிள்ளை நல்ல வாசிப்புக்காரன். முப்பத்தோரு வருஷம் வரிசையில் நடந்த எனக்கு அது தெரியப் பத்து வருஷம் ஆகியிருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் பையன்களைப் பட்டாளத்துக்கு எடுக்கிற சட்டம் அமலுக்கு வந்தது. வார்டு ஆபீசில் பட்டியல் எழுதினார்கள். மாதாமாதம் சீட்டுக் குலுக்கி, பெயர் வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மூன்றாவது மாடிப் பையன் போனான், அவனிடமிருந்து ஒரே ஒரு போன் வந்தது, அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. செபாவின் பெயரும் பட்டியலில் இருந்தது. தெரேசா மாலை ஜெபமாலையை இரண்டாக்கினாள். நான் ராத்திரி படுத்தால் தூங்குவதில்லை.

அவனாகவே ஒரு வழி தேடினான். பாங்காக்கில் ஒரு இசைப்பள்ளியில் பழைய காலத்து ஐரோப்பிய சங்கீதத்துக்கென்று ஒரு வகுப்பு இருந்தது. அதில் ரெக்கார்டருக்கு ஒரே ஒரு இடம், படிப்பும் தங்குமிடமும் அவர்கள் பொறுப்பு. பதிவுசெய்து அனுப்பிய வாசிப்பில் தேறிவிட்டான். கடைசிச் சுற்று, ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, கணினி வழியாக நேரில் வாசித்துக் காட்ட வேண்டும். தேறினால் அனுமதிக் கடிதம் வந்துவிடும். அந்தக் கடிதம் இருந்தால் படிப்பைக் காட்டிப் பெயரைத் தள்ளிவைக்கச் சொல்லலாம், புறப்படலாம். கடிதம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நாங்கள் மூன்று பேரும் வாய்விட்டுப் பேசவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் நல்ல மழை. செபா தேர்வுக்கான இசைத்தாள்களை நகலெடுக்கப் போயிருந்தான், தெரேசா கோவிலுக்குப் போயிருந்தாள். மேல்சுரம் பிசிறுகிறது, மழைக்காலம் வந்தாலே இப்படித்தான் என்று காலையில் அவன் முணுமுணுத்தது என் காதில் விழுந்திருந்தது. மேசையில் ரெக்கார்டர் துணிப்பை மேல் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். உடம்புக்கு மாத்திரம் லேசாக எண்ணெய் தடவியிருந்தான், பளபளத்தது. தலைப்பகுதியில் அந்தக் கட்டை மட்டும் வறண்டு கிடந்தது. மூச்சு போகிற பாதையையே விட்டுவிட்டானே, நாளைக்குப் பரீட்சையை வைத்துக்கொண்டு இப்படியா அரைகுறையாக விடுவது என்று நினைத்தேன்.

கிளாரினெட்டுக்கு எண்ணெய் போட எனக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். காய்ந்த மரம் வெடிக்கும், எண்ணெய் குடித்த மரம் பாடும். லான்மடா பேட்டையில் சாதிக் பாட்சா மருந்துக் கடையில் வாங்கிய பாதாம் எண்ணெய் வீட்டில் இருந்தது. கோழி இறகொன்றை அதில் நனைத்து, அந்தப் பிளவுக்குள் விட்டு, முன்னும் பின்னும் பதமாகத் தடவினேன். கட்டை எண்ணெயை அப்படியே உறிஞ்சியது. பாவம், எத்தனை நாள் தாகமோ என்று இன்னும் இரண்டு சொட்டு விட்டேன். மிச்சத்தைத் துடைத்துப் பழையபடி வைத்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை மறைக்கக் கூடாது. இத்தனை வருஷம் கேலி செய்தவன், அவனுக்காக ஒரு வேலை செய்துவிட்டேன் என்று நெஞ்சு நிறைந்திருந்தது. தேறி வந்த பிறகு சிரித்துக்கொண்டே சொல்லலாம் என்று வைத்துக்கொண்டேன். அன்று மாலை அவன் வாசிக்கவில்லை. முக்கியமான வாசிப்புக்கு முந்தின மாலை குழலுக்கு ஓய்வு கொடுப்பது அவன் வழக்கம்.

எங்கள் வீட்டில் கரண்டை நம்ப முடியாது. லான்மடாவில் அவனுடைய சிநேகிதன் அய்யூப் கணினிக் கடை வைத்திருந்தான், பேட்டரியும் நல்ல இணையமும் உண்டு. பின்னறையை எங்களுக்காக ஒழித்துக் கொடுத்திருந்தான். செபா வெள்ளைச் சட்டையும் புது லுங்கியும் கட்டிக் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தான். நான் படத்தில் விழாதபடி சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்தேன். பக்கத்தில் நீங்க இருந்தா யடே என்று அவன்தான் கேட்டுக்கொண்டான். பரவாயில்லை, சரி, எல்லாவற்றுக்கும் எங்கள் பிள்ளைகள் அந்த ஒரு பர்மா வார்த்தையைத்தான் சொல்வார்கள். அக்குளில் தலைப்பகுதியை இடுக்கிக்கொண்டு இருந்தவனை நான் அன்றைக்குக் கேலி செய்யவில்லை.

திரையில் மூன்று பேர் வந்தார்கள். நடுவில் இருந்த நரைத்த தலை அம்மாள்தான் பேசினாள். முதல் உருப்படியைத் தொடங்கினான். இரண்டு நிமிஷம் அற்புதமாக வந்தது. அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். அதற்குப் பிறகு ஒரு நீண்ட சுரத்தின் நடுவில் கொளகொளவென்று தண்ணீர்ச் சத்தம் வந்தது. அடுத்த சுரம் வரவே இல்லை, வெறும் காற்றுதான் வந்தது. செபா நிறுத்தி, மன்னிப்புக் கேட்டு, விரலால் துவாரத்தை மூடி ஊதி ஈரத்தை வெளியேற்றினான். மறுபடி தொடங்கினான். நாலு வரி தாண்டவில்லை. மறுபடி ஊதினான். இந்தத் தடவை முதல் சுரத்திலேயே அடைத்துக்கொண்டது.

தலைப்பகுதியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனான். பிறகு என்னைப் பார்த்தான். அவன் உதடு மட்டும் அசைந்தது.

"எண்ணெய் போட்டீங்களா அப்பா?"

தலையை ஆட்டினேன். எனக்கு அப்போதும் விளங்கவில்லை. எண்ணெய் போட்டது நல்லதுதானே, வேறு ஏதோ கோளாறு என்றே நினைத்தேன். அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான் தப்பு என்னுடையது என்று உறைத்தது. அந்தக் கட்டை வேண்டுமென்றேதான் வறண்டு இருக்க வேண்டும். மூச்சின் ஈரத்தைக் குடிப்பது அதன் வேலை. எண்ணெய் குடித்துவிட்டால் அது ஈரத்தைக் குடிக்காது, நீர் முத்து முத்தாக நின்று பாதையை அடைத்துவிடும். உலகத்திலுள்ள மரக்குழல்களில் எதற்கு எண்ணெய் விட்டாலும் விடலாம், அந்தச் சுண்டுவிரல் கட்டைக்கு மட்டும் விடக் கூடாது. இதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன்.

திரையில் அந்த அம்மாள் என்ன கோளாறு என்று கேட்டாள். செபா நிமிர்ந்து உட்கார்ந்து, சுத்தமான இங்கிலீஷில், கட்டையில் எண்ணெய் பட்டுவிட்டது, நான்தான் நேற்றுப் போட்டேன், என் தவறு என்றான்.

அந்த அம்மாளின் முகம் மாறுவதை நான் பார்த்தேன். கோபம்கூட இல்லை, ஏமாற்றம். கட்டையில் எண்ணெய் படக் கூடாது என்பது இந்த வாத்தியத்தில் முதல் வாரத்துப் பாடம் ஆயிற்றே, உனக்குத் தெரியாதா என்று கேட்டாள். அவன் தலைகுனிந்து, மறந்துவிட்டேன் என்றான். நீயேதான் போட்டாயா என்று இன்னொரு தடவை கேட்டாள். இரண்டாவது தடவை ஏன் கேட்டாள் என்று இன்றைக்கு வரைக்கும் யோசிக்கிறேன். நானேதான் என்றான்.

நான் சுவரோரத்தில் இருந்தேன். எழுந்து நாலு எட்டு வைத்தால் படத்தில் விழுவேன். முப்பது வருஷம் இங்கிலீஷில் கடிதம் எழுதிய குமாஸ்தா நான், அம்மா, பையன் பொய் சொல்கிறான், செய்தவன் இந்தக் கிழவன் என்று சொல்ல எனக்கு வார்த்தைக்குப் பஞ்சமில்லை. எழுந்திருக்கவில்லை. வாயில் கொழுக்கட்டையை வைத்தது போல உட்கார்ந்திருந்தேன். பயமா என்றால் பயமில்லை. வெட்கம். முன்பின் தெரியாத மூன்று வெளியூர்க்காரர்களுக்கு முன்னால், கிளாரினெட்டுக்காரன் ஒருவன் மடையன் என்று தெரிந்துவிடுமே என்கிற வெட்கம். எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்கிறவன், நுழைக்க வேண்டிய ஒரே இடத்தில் ஸ்டூலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

செபா பையிலிருந்து தன் பழைய பிளாஸ்டிக் ரெக்கார்டரை எடுத்து, இதில் வாசிக்கலாமா என்று கேட்டான். அது ஞாயிறு பள்ளிக் குழல், சின்னது. அந்த உருப்படிகள் அதற்கு எழுதியவை அல்ல. வாசிக்கச் சொன்னார்கள். விரல் எல்லாம் மாற்றிப் போட்டு எப்படியோ ஒன்றை வாசித்து முடித்தான். நன்றி சொன்னார்கள். திரை அணைந்தது.

பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம். ஜன்னல் வழியாக மழை உள்ளே அடித்தது. நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவன் என் முழங்கால்மேல் கை வைத்தான்.

"அம்மாகிட்ட சொல்ல வேணாம். கரண்டு போயிட்டு, பாதியில கட்டாயிட்டுன்னு சொல்லிடுவோம். யடே, அப்பா."

தெரேசாவிடம் அப்படியே சொன்னோம். அவள் கரண்டுக்காரர்களைச் சபித்தாள். பேட்டரி சரியாக வைக்காத அய்யூப்பையும் சேர்த்துத் திட்டினாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

செபா கட்டையைத் தட்டிக் கழற்றி, சாராயத்தில் கழுவி, ஜன்னலோரம் காயவைத்தான். மூன்று வாரத்தில் பழையபடி மாட்டி ஊதிப் பார்த்தான். முன்பு எப்படி இருந்ததோ அப்படியே, சுத்தமாக வந்தது. அடுத்த வாரம் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. வாசிப்பில் திறமை தெரிகிறது, ஆனால் தன் வாத்தியத்தைப் பராமரிக்கும் அடிப்படையே தெரியாத ஒருவருக்கு அந்த ஒரே இடத்தைக் கொடுப்பதற்கில்லை என்று எழுதியிருந்தார்கள். அவன் இரண்டு தடவை படித்துவிட்டு மடித்து வைத்தான். அதற்குப் பிறகு அவன் வாசித்து நான் கேட்கவில்லை.

செப்டம்பரில் வார்டு ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். சீட்டில் அவன் பெயர் வந்திருந்தது. ஐந்து நாள் கொடுத்தார்கள். யார் யாரையோ பார்த்தேன், யார் யார் காலிலோ விழுந்தேன். ஆறாவது நாள் காலையில் வேன் வந்தது. தெரேசா அவன் வாயில் மீன்குழம்பு ஊற்றிய மொஹிங்கா சேமியாவை ஊட்டிவிட்டாள். இரண்டு வாய் வாங்கிக்கொண்டு போதும் என்றான். என்னைப் பார்த்து, கீழே இறங்கி வர வேணாம் அப்பா, மழையா இருக்கு என்றான். நான் இறங்கிப் போனேன். வேனில் பதினோரு பையன்கள் இருந்தார்கள். அவன் கடைசி ஆளாக ஏறினான்.

அதற்குப் பிறகு ஒரு தடவை போன் வந்தது. எந்த ஊர் என்று சொல்ல அவனுக்கு அனுமதி இல்லை. சாப்பிட்டேன், நன்றாக இருக்கிறேன் என்றான். அது நடந்து இரண்டு மாதம் ஆகிறது.

போன வாரம் தெரேசா என்னிடம் வந்து உட்கார்ந்தாள். கரண்டு போனதற்குப் பிள்ளை என்ன செய்வான், அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நியாயத்தை எடுத்து எழுதுங்கள், நீங்கள்தான் இங்கிலீஷ் லெட்டர் எழுதுகிறவர் ஆயிற்றே, இப்போது ஒரு கடிதம் கொடுத்தாலும் கொண்டுபோய்க் காட்டி அவனை வெளியே விடச் சொல்லிக் கேட்கலாம் என்றாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எழுதினேன். கரண்டைப் பற்றி அல்ல. எண்ணெய், இறகு, இரண்டு சொட்டு, சுவரோரத்து ஸ்டூல் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் எழுதினேன். அவனுக்கு ஒன்றும் தெரியாது, என்னைக் காப்பாற்றப் பொய் சொன்னான் என்று எழுதினேன். அனுப்பிய பிறகு, இத்தனை நாள் கழித்து முதல் தடவையாக அன்று சாப்பாடு இறங்கியது.

இன்று காலை பதில் வந்தது. அந்த நரைத்த தலை அம்மாளே எழுதியிருந்தாள். நாலே வரி. அந்தப் பையனின் முதல் இரண்டு நிமிஷ வாசிப்பை நாங்கள் மறக்கவில்லை. பிறரால் வாத்தியம் பழுதானால் ஒரு வாரம் அவகாசம் கொடுப்பது எங்கள் விதி, அதனால்தான் இரண்டாவது தடவையும் கேட்டேன். அந்த அறையில் யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பையன் இப்போது இங்கே இருந்திருப்பான். அந்த இடம் ஆகஸ்டிலேயே வேறொருவருக்குப் போய்விட்டது, வருந்துகிறேன்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். தெரேசா ஈரக் கையைத் துடைத்தபடி அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள்.

"ஸ்கூல்லேருந்தா? என்ன எழுதிருக்காங்க?"

இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கரண்டு போனதுக்கு அவுங்க ஒண்ணும் செய்ய முடியாதாம்," என்றேன்.